மோட்டார்ஹோம் நேராக ஓட மறுக்கிறதா? முன்சக்கர அலைன்மென்ட், ஸ்டீயரிங் நிதானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோட்டார்ஹோம் (வேன் அல்லது லாரி அடிச்சட்டத்தின் மேல் வீடு கட்டிய பயண வண்டி) ஓட்டுபவர்கள் பலர், நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நொடிக்கு நொடி இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே போவதை "பெரிய வண்டி என்றால் இப்படித்தான்" என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறார்கள். அப்படி ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. எடை, டயர், சஸ்பென்ஷன், சக்கரங்கள் நிற்கும் கோணங்கள் நான்கும் சரியாக இருந்தால் இவ்வளவு பெரிய வண்டியும் நேர்ச்சாலையில் அமைதியாகத் தன் பாட்டுக்குப் போகும். அதற்கு என்னென்ன பார்க்க வேண்டும், எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்கான பதில்கள் இவை.

அலைன்மென்ட் செய்துவிட்டேன். அப்படியும் வண்டி அலைபாய்கிறதே, ஏன்?

பெரும்பாலும் வரிசை மாறிப்போனதுதான் காரணம். அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணங்களைத் திருத்துவது, கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் வண்டியை எடை போட வேண்டும். அந்த எடைக்கு ஏற்ற காற்றழுத்தத்தை டயரில் வைக்க வேண்டும். அப்புறம் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்து, தேய்ந்ததை மாற்ற வேண்டும். வண்டி நிற்கும் உயரம் முன்னும் பின்னும் சரியா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கோணங்களுக்குப் போவது.

தேய்ந்த பால் ஜாயின்ட்டை (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டு) வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால், மெஷினில் நிற்கும்போது கோணம் ஒன்றாக இருக்கும், சாலையில் இறங்கியதும் வேறாக இருக்கும். இன்னொன்று: பல இடங்களில் அலைன்மென்ட் என்ற பெயரில் டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) ஒன்றை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுகிறார்கள். டோ சரியானால் டயர் தேய்மானம் குறையும். நேராக ஓடும் குணம் பெரும்பாலும் காஸ்டரில் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) இருக்கிறது. அதை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

ஒரு பக்கம் இழுப்பதும் அலைபாய்வதும் ஒன்றுதானா?

இல்லை. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே பாதிப் பிரச்சினை பிடிபட்டுவிடும்.

ஸ்டீயரிங்கை லேசாக விட்டால் வண்டி எப்போதும் ஒரே பக்கம் போனால் அது இழுப்பு. இரண்டு முன்சக்கரங்களின் கேம்பரோ (சக்கரத்தின் பக்கச் சாய்வு) காஸ்டரோ ஒன்றுக்கொன்று வேறுபடுவது, ஒரு டயரில் காற்று குறைவு, ஒரு பக்கப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது, டயரின் உள்கட்டமைப்பில் உள்ள கோளாறு ஆகியவை காரணமாக இருக்கலாம். சாலையே ஓரத்தை நோக்கிச் சரிவாகப் போட்டிருப்பார்கள் என்பதால், லேசாக ஓரத்துப் பக்கம் நகர்வது இயல்பு. டயர்தான் காரணமா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு: முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பும் எதிர்ப்பக்கம் மாறினால் டயர்தான். ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய டயர்களில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

அலைபாய்வது வேறு. வண்டி ஒரு பக்கம் மெல்ல நகரும், நீங்கள் திருத்துவீர்கள், இப்போது மறுபக்கம் நகரும். குறைவான காஸ்டர், ஸ்டீயரிங் பெட்டியில் ஆட்டம், முன்சக்கரங்கள் வெளிப்பக்கம் விரிந்து நிற்பது, முன் ஆக்சிலில் போதிய எடை இல்லாதது ஆகியவை இதற்குக் காரணங்கள்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. திருப்பத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பிவிட்டு கையைத் தளர்த்தினால், அது நடுவுக்குத் திரும்பாமல் திருப்பிய இடத்திலேயே நிற்கும். கிரீஸ் காணாமல் இறுகிப்போன கிங்பின் (சக்கரம் திரும்புவதற்கான தடித்த முளை) அல்லது பால் ஜாயின்ட், அல்லது அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட ஸ்டீயரிங் பெட்டி இப்படிச் செய்யும். கோணங்களை எவ்வளவு திருத்தினாலும் இது போகாது.

காஸ்டர் என்றால் என்ன? ஏன் அதையே பிடித்துத் தொங்குகிறீர்கள்?

சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அது செங்குத்தாக நிற்பதில்லை. மேல்முனை பின்னால் சாய்ந்து, கீழ்முனை முன்னால் நீண்டிருக்கும். கையை விட்டும் சைக்கிள் ஓட்ட முடிவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். உங்கள் வண்டியின் முன்சக்கரம் திரும்புவதற்கும் இப்படி ஓர் அச்சு உண்டு. மேல், கீழ் பால் ஜாயின்ட்டுகளை இணைக்கும் கோடு, அல்லது கிங்பின், அந்த அச்சு. அதன் மேல்முனை பின்னால் சாய்ந்திருந்தால் நேர்மறைக் காஸ்டர்.

அந்த அச்சைக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளி, டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் விழும். ஆகவே டயர் எப்போதும் அந்தப் புள்ளிக்குப் பின்னால் இழுபட்டே வருகிறது. பள்ளமோ காற்றோ அதைத் திருப்பினாலும், தானாக நேருக்கு வந்துவிடும். இந்தத் தன்மை போதவில்லை என்றால் சக்கரத்துக்கு நடுவைத் தேடும் விருப்பமே இருக்காது. அந்த வேலையை மணிக்கணக்காக உங்கள் தோள்கள் செய்ய வேண்டியிருக்கும். நீண்ட பயணத்தில் ஓட்டுநர் களைத்துப்போவதற்கு இது முக்கியக் காரணம் என்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

காஸ்டர் கூடினால் ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கும். பவர் ஸ்டீயரிங் இருக்கும் வண்டியில் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அளவுக்கு மீறிக் கூட்டினால் குறைந்த வேகத்தில் சக்கரம் படபடக்கத் தொடங்கலாம். எனவே தயாரிப்பாளர் தந்த வரம்பைத் தாண்ட வேண்டாம், அந்த வரம்பின் மேல்முனைக்கு அருகில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். குறைவான காஸ்டர் உள்ள பக்கம் வண்டி இழுக்கும்.

எல்லா வண்டியிலும் காஸ்டரைத் திருத்த முடியுமா?

முன்னால் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை ஆக்சிலும் லீஃப் ஸ்பிரிங்கும் (அடுக்குப் பட்டை ஸ்பிரிங்) உள்ள கனமான சேஸியில் (அடிச்சட்டம்), ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைத்து மாற்றலாம். ஃபோர்டு ஈ வரிசை போல இரட்டை ஐ-பீம் முன்னமைப்பு (ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் தனித்தனி உத்தரம்) உள்ள வண்டிகளில், பால் ஜாயின்ட் உட்காரும் இடத்தில் கோணம் மாற்றித்தரும் புஷ் (வளையம் போன்ற செருகு) போடுவார்கள். ஒவ்வொரு புஷ்ஷும் குறிப்பிட்ட அளவுக்குத்தான் மாற்றும் என்பதால், வேண்டிய கோணத்துக்குப் பழையதைக் கழற்றி வேறு போட வேண்டியிருக்கும். கடைக்காரர் இந்த வேலையைத் தவிர்க்கப் பார்ப்பதற்குக் காரணம் இதுதான், நேரம் பிடிக்கும். ஃபியட் டுகாட்டோ போன்ற முன்சக்கர இயக்க வேன்களில் ஸ்ட்ரட் அமைப்பு (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக) இருப்பதால், தயாரிப்பில் வந்தபடி டோ மட்டுமே எளிதில் திருத்தக்கூடியது. அங்கே எடைப் பகிர்வும் நிற்கும் உயரமும் இன்னும் முக்கியமாகின்றன.

டோ, கேம்பர்?

இரண்டு முன்சக்கரங்களை மேலிருந்து பார்த்தால், முன்விளிம்புகள் ஒன்றையொன்று நோக்கிச் சற்றே உட்பக்கம் திரும்பியிருப்பது டோ-இன். வெளிப்பக்கம் விரிந்தால் டோ-அவுட். பின்சக்கர இயக்க வண்டி ஓடும்போது தரையின் எதிர்ப்பு முன்சக்கரங்களைப் பின்னால் தள்ளி விரியச் செய்யும். அதை ஈடுகட்டத்தான் நிற்கும்போது கொஞ்சம் டோ-இன் வைக்கிறார்கள். முன்சக்கர இயக்கத்தில் கணக்கு வேறு, தயாரிப்பாளர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

சின்னத் தவறுக்கே டயர் கொடுக்கும் விலை பெரிது. மொத்த டோ 1 டிகிரி தப்பாக இருந்தால், ஒவ்வொரு முன் டயரும் அரை டிகிரி கோணலாக ஓடுகிறது. அதாவது ஒவ்வொரு கிலோமீட்டரிலும் ஏறத்தாழ 9 மீட்டர் தூரம் பக்கவாட்டில் உரசப்படுகிறது. டயரின் மேற்பரப்பில் குறுக்கே கையை ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பம் போல முட்டியும் இருந்தால் டோ தவறு.

கேம்பர் என்பது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது. அது தப்பினால் டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேயும், இரு பக்கமும் வேறுபட்டால் வண்டி இழுக்கும்.

"எல்லாம் பச்சையில் இருக்கிறது" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

அலைன்மென்ட் மெஷினின் திரையில் பச்சை என்றால் எண்கள் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கின்றன என்றுதான் பொருள். அந்த வரம்பு அகலமானது. வேன் அல்லது லாரி அடிச்சட்டத்துக்காகத் தரப்பட்ட வரம்பு அது. அதன்மேல் உயரமான வீட்டைக் கட்டி, பின்னால் நீட்டியிருக்கும் உங்கள் வண்டிக்கு வரம்பின் அடிமட்டத்தில் இருக்கும் காஸ்டர் போதாது. திரையைப் பார்த்துத் திருப்தி அடையாமல், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த எண்களை அச்சிட்டு வாங்குங்கள். இடது காஸ்டர், வலது காஸ்டர், கேம்பர் இரண்டு, மொத்த டோ, பின்ஆக்சில் நேராக நிற்கிறதா என்ற அளவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை எது மாறியிருக்கிறது என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அலைன்மென்ட்டுக்கு வண்டியைக் காலியாகக் கொண்டுபோகலாமா?

கூடாது. நீங்கள் பயணம் போகும் எடையோடு கொண்டுபோங்கள். எரிபொருள், தண்ணீர், கேஸ், சாமான்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 150 லிட்டர் தொட்டி நிரம்பினால் வண்டியின் ஒரு மூலை இறங்கும், கோணங்களும் அதோடு மாறும். முடிந்தால் ஓட்டுநர் இருக்கையிலும் பக்கத்து இருக்கையிலும் ஆள் எடைக்கு ஏதாவது வைக்கச் சொல்லுங்கள். காற்று சஸ்பென்ஷன் இருந்தால் உயரம் சரியாக நின்ற பிறகே அளக்க வேண்டும்.

பின்னால் ஸ்கூட்டர் மாட்டினேன். அன்றிலிருந்து ஸ்டீயரிங் லேசாகிவிட்டது.

ஸ்கூட்டர் இருக்கும் இடம் பின்ஆக்சிலுக்கு வெகு பின்னால். அங்கே வைக்கும் எடை, பின்ஆக்சிலைத் தாங்குபுள்ளியாக வைத்து முன்பக்கத்தை நெம்பித் தூக்குகிறது. உதாரணமாக, முன்ஆக்சிலுக்கும் பின்ஆக்சிலுக்கும் இடையே 4 மீட்டர், ஸ்கூட்டரும் அதன் தாங்கியும் சேர்ந்து 200 கிலோ, அது பின்ஆக்சிலிலிருந்து 2 மீட்டர் பின்னால் என்று வைத்துக்கொள்வோம். முன்ஆக்சிலிலிருந்து 100 கிலோ குறைகிறது, பின்ஆக்சிலில் 300 கிலோ கூடுகிறது. நீங்கள் ஏற்றியது 200 தான்!

முன் டயருக்குத் தரையைப் பிடிக்க எடை வேண்டும். முன்சக்கர இயக்க வண்டியாக இருந்தால் ஏற்றத்திலும் ஈரத்திலும் சக்கரம் வழுக்கும். எடைமேடையில் முன்ஆக்சிலைத் தனியாக, பின்ஆக்சிலைத் தனியாக, பிறகு முழு வண்டியையும் போட்டுப் பாருங்கள். பின்ஆக்சிலின் சட்டப்படியான வரம்பைத் தாண்டியிருப்பது அங்கேதான் பலருக்குத் தெரியவரும். கனமான சாமான்களை இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவில், தாழ்வாக வையுங்கள். பின்னால் தண்ணீர்த் தொட்டி இருந்தால் பயணத்துக்குத் தேவையான அளவு மட்டும் நிரப்புங்கள்.

பின்பக்கம் தாழ்ந்ததால் ஏர் பேக் (பின்ஸ்பிரிங்குக்கு உதவும் காற்றுப் பை) போட்டேன். பின்பக்கம் நிமிர்ந்தது, வண்டி முன்பைவிட அலைகிறது. இது எப்படி?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை, கேட்க வேண்டிய கேள்வி. பின்பக்கம் உயரும்போது முழு வண்டியும் மூக்கைக் கீழே குத்துகிறது. முன்சக்கரத்தின் திருப்பு அச்சும் அதே அளவு முன்னால் சாய்கிறது. அதாவது காஸ்டர் குறைகிறது. ஆக்சில்களுக்கு இடையே 4 மீட்டர் உள்ள வண்டியில் பின்பக்கத்தை 70 மில்லிமீட்டர் உயர்த்தினால் காஸ்டர் ஏறத்தாழ 1 டிகிரி போய்விடும். ஏற்கெனவே 3 டிகிரி மட்டுமே இருந்த வண்டிக்கு அது மூன்றில் ஒரு பங்கு.

ஏர் பேக் தவறு என்று சொல்லவில்லை. வண்டியைச் சமமாக நிறுத்தவே அதைப் பயன்படுத்துங்கள், வானத்தைப் பார்க்கத் தூக்க வேண்டாம். அப்புறம், உயரத்தைத் தீர்மானித்த பிறகு அலைன்மென்ட்டை மறுபடி அளந்துவிடுங்கள். ஏர் பேக் உயரத்தை மட்டுமே மாற்றும். ஆக்சில் தாங்கும் எடையின் வரம்பு அப்படியேதான் இருக்கும்.

டயரில் எவ்வளவு காற்று?

டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் எண் பொதுவாக அந்த டயரின் அதிகபட்சச் சுமையோடு தொடர்புடையது. எடை போடாமல் அதையே நிரப்பினால், முன் டயர் தேவைக்கு மேல் விறைத்து, தரையைத் தொடும் பரப்பு குறைந்து, சாலையின் ஒவ்வொரு கோட்டையும் பின்தொடர்ந்து ஓடும். குறைவாக நிரப்பினாலோ டயர் சூடேறும், பக்கச் சுவர் நெளிந்து வண்டி மிதப்பது போல் இருக்கும், வெடிக்கவும் கூடும். இரண்டில் குறைவுதான் ஆபத்தானது.

முடிந்தால் ஒவ்வொரு சக்கரத்தின் எடையையும் தனித்தனியே எடுங்கள். டயர் தயாரிப்பாளரின் சுமை-அழுத்த அட்டவணையில் அந்த ஆக்சிலின் கனமான பக்கத்துக்கு என்ன அழுத்தமோ அதையே இரு பக்கமும் வையுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருப்பதைப் பார்த்துக் காற்றை இறக்கவே கூடாது.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். மோட்டார்ஹோம் பெரும்பாலும் நின்றே இருப்பதால், மேல்பரப்பு புதிதாகத் தெரியும்போதே ரப்பர் கெட்டுப்போயிருக்கும்.

மூட்டுகளில் ஆட்டம் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வண்டி தரையில் நிற்கட்டும், கைப் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, எஞ்சின் ஓடட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறு அளவில் அசைத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்திலிருந்து டார்ச் அடித்து ஒவ்வோர் இணைப்பாகப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் பெட்டியின் கை அசைந்து, அதற்கடுத்த ராட் அசையத் தாமதித்தால் அந்த இணைப்பில் ஆட்டம். டை ராட் எண்டு (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டு), ஐட்லர் ஆர்ம் (அந்தக் கம்பிகளைத் தாங்கும் துணைக் கை), பெட்டி சேஸியில் பூட்டியிருக்கும் போல்ட்டுகள் எல்லாவற்றையும் பாருங்கள். பெட்டியின் பூட்டு போல்ட் தளர்ந்து பெட்டியே நகர்வதும் உண்டு.

ஸ்டீயரிங் பெட்டியின் மேல் இருக்கும் திருகை இறுக்கினால் ஆட்டம் போய்விடும் என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். அளவு தெரியாமல் இறுக்கினால் நடுவில் சிக்கிக்கொள்ளும். தெரிந்த மெக்கானிக் கையில் கொடுப்பது நல்லது. வண்டியை ஜாக்கியில் தூக்கிப் பார்க்கும் பால் ஜாயின்ட், பேரிங் சோதனைகளையும் அவர்களிடமே விடுங்கள். இந்த எடைக்குச் சாதாரண ஜாக்கி போதாது.

லாரி கடக்கும்போது வண்டி தள்ளாடுகிறது. இதற்கும் அலைன்மென்ட்தானா?

ஓரளவுக்கு மட்டுமே. லாரி நெருங்கும்போது அதன் முன்னால் ஒதுங்கும் காற்று உங்கள் பின்புறத்தைத் தள்ளும், கடந்தபின் உள்ளே இழுக்கும். பின்ஆக்சிலுக்குப் பின்னால் நீண்டிருக்கும் உயரமான உடல் பாய்போல் காற்றை வாங்குகிறது. ஸ்பிரிங்குகளின் மேல் உடல் பக்கவாட்டில் நகர, வண்டியின் வால் ஆடும், தலை திரும்பும்.

பின்ஆக்சிலையும் சேஸியையும் குறுக்காக இணைக்கும் பான்ஹார்ட் ராட் இந்தப் பக்க நகர்வைத்தான் தடுக்கிறது. திருப்பத்தில் உடல் சாய்வதைக் குறைப்பது ஆன்டி-ரோல் பார். இரண்டும் வேறு வேறு வேலை. புதிதாக எதையும் வாங்கும் முன், இருக்கும் ஆன்டி-ரோல் பாரின் ரப்பர் புஷ்கள் பிய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றை மாற்றியதுமே வித்தியாசம் தெரியும் வண்டிகள் நிறைய.

ஸ்டீயரிங் டேம்பர் போட்டால் எல்லாம் சரியாகுமா?

ஆகாது. டேம்பர் என்பது ஸ்டீயரிங்குக்கான ஷாக் அப்சார்பர். அது திடீர் அதிர்ச்சியை அடக்கும், அவ்வளவே. நடுவுக்குத் தள்ளும் ஸ்பிரிங் கொண்ட வகைகள் முன் டயர் வெடிக்கும்போது உதவும், அந்தக் காரணத்துக்காக அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அவை தேய்ந்த மூட்டின் ஆட்டத்தை உங்கள் கைக்குத் தெரியாமல் மறைத்துவிடும். நோய் வளர்ந்துகொண்டே இருக்கும். எல்லாம் சரிசெய்த பின், கடைசியாகப் போடுங்கள்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்குகிறது.

அது வீல் பேலன்சிங் பக்கம். அல்லது டயர் வட்டம் கெட்டிருக்கும்.

நானே டோவை அளக்கலாமா?

தோராயமாக அளக்கலாம். சமதளத்தில் வண்டியைச் சில மீட்டர் நேராக முன்னால் உருட்டி, பின்னால் தள்ளாமல் நிறுத்துங்கள். இரு முன் டயர்களிலும் மேற்பரப்பின் நடுவில் ஒரு கோடு போட்டு, சக்கர மைய உயரத்தில் முன்பக்கத் தூரத்தையும் பின்பக்கத் தூரத்தையும் அளங்கள். முன்பக்கம் குறைவாக இருந்தால் டோ-இன். 700 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரில் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறத்தாழ கால் டிகிரி. பெரிய தவறு இருக்கிறதா என்று அறிய இது போதும். இதை வைத்து ராடைத் திருப்ப வேண்டாம்.

எப்போதெல்லாம் பார்க்க வேண்டும்?

ஸ்டீயரிங் அல்லது சஸ்பென்ஷனில் ஏதாவது ஒரு பாகம் மாற்றினால், நடைபாதை விளிம்பிலோ பெரும் பள்ளத்திலோ பலமாக மோதினால், புது டயர் போடும்போது, வண்டி நிற்கும் உயரம் மாறினால். புது வண்டி வாங்கியவர்களும், சாமான் ஏற்றிய பின் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது. அடிச்சட்டம் தொழிற்சாலையை விட்டு வரும்போது அதன்மேல் வீடு இல்லை.

அலைன்மென்ட்டுக்குப் பின் நேராக ஓடுகிறது, ஆனால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது.

டை ராடுகளை இரு பக்கமும் சமமாகத் திருத்தாமல் விட்டிருக்கலாம், அது எளிதில் தீரும். அப்படியில்லாமல் பின்ஆக்சில் சற்றே கோணலாக இருந்து, வண்டி நண்டு போல ஓரமாகச் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தால், முன்பக்கத்தில் எவ்வளவு வேலை செய்தும் பயனில்லை. ஆகவே நான்கு சக்கரங்களையும் அளக்கும் கடைக்கே போங்கள். வண்டியின் நீளத்தையும் எடையையும் முன்கூட்டியே சொல்லி, அவர்களின் மேடை தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கார் கடையைவிட லாரி அலைன்மென்ட் செய்யும் இடம் பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும்.

சரிசெய்யும் வரை ஓட்டலாமா?

காஸ்டர் குறைவு, டோ தவறு போன்றவை என்றால் வேகத்தைக் குறைத்து, பார்வையைத் தொலைவில் வைத்து, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்காமல் ஓட்டிக் கடைக்குப் போய்ச் சேரலாம். பால் ஜாயின்ட், டை ராட் எண்டு, பேரிங், ஸ்டீயரிங் பெட்டியின் பூட்டு ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் ஓட்டக் கூடாது. கடை பக்கத்தில்தான் இருந்தாலும் இழுவை வண்டியை அழையுங்கள். வேலை முடிந்து சக்கரங்களைக் கழற்றி மாட்டியிருந்தால், முதல் 50 கிலோமீட்டருக்குப் பின் நிறுத்தி, சொல்லப்பட்ட முறுக்கு அளவுக்கு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.